அறிந்தேன் பொத்தான்

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போகும் விமானத்தில் ஏறிய அத்தனை பேரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பச்சையாக மினுங்கிய 'அறிந்தேன்' பொத்தானில் தப்பித்தவறி விரல் பட்டுவிடக் கூடாதே என்று சிலர் கைகளைத் தொடைக்கடியில் வைத்திருந்தார்கள். ஒருவர்கூட பெல்ட் போடவில்லை. பார்க்கப் பார்க்கச் செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? அந்தப் பொத்தான் அவள் யோசனை. நீலத்தடம் விமான நிறுவனத்தின் சட்ட அதிகாரி அவள். முன்பெல்லாம் நடுவானில் விமானம் குலுங்கி யாருக்காவது மண்டை உடைந்தால் நிறுவனம் நஷ்டஈடு தரவேண்டும். பிறகு 'காற்றுக்கண்' வந்தது. விமானத்தின் மூக்கிலிருந்து ஒளிக்கதிரை வீசி, காற்று எங்கே புரளுகிறது, எந்த இருக்கையை எவ்வளவு தூக்கிப்போடும் என்பதுவரை முன்கூட்டியே சொல்லிவிடும் கருவி. பழைய பெல்ட் விளக்கைக்கூடக் கழற்றி எறிந்துவிட்டார்கள். முன்பே தெரிந்துபோனதை விபத்து என்று எப்படிச் சொல்வது என்று யோசித்தாள் செண்பகவல்லி. எழுதினாள் ஒரு விதி: எச்சரிக்கையைக் கேட்டுப் பொத்தானை அமுக்கிய பயணி அறிந்தவர், அறிந்தவர் அடிபட்டால் அவரே பொறுப்பு. அதோடு விட்டாளா மகராசி? அறிந்த பயணி, உடன் வரும் அறியாத பயணிகளுக்கும் பொறுப்பு என்று இன்னொரு வரியையும் சேர்த்து வைத்தாள்.

நம் ஜனங்களா சும்மா இருப்பார்கள்? 'பொத்தானைத் தொடாதே, பஞ்சு வை, பெல்ட் போட்டால் தெரிந்துதான் போட்டாய் என்பார்கள், நமக்கெதுக்கு வம்பு' என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. ஒருவருமே அறியாவிட்டால் நிறுவனம்தானே கொடுத்தாக வேண்டும்! வழக்குகள் குவிந்தன. "இனி ஒருத்தருக்கு அடிபட்டாலும் உங்க விதியும் போயிடும், நீங்களும் போயிடுவீங்க," என்று தலைவர் சொல்லிவிட்டார். அதனால்தான் பயணிகளிடம் நேரில் பேசிப் பார்க்க அவளே ஏறியிருந்தாள்.

அந்தமான் கடலுக்கு மேலே காற்றுக்கண் ஒவ்வொரு இருக்கையிலும் பேசியது. "பெரிய குலுங்கல் வருகிறது. இன்னும் ஆறு நிமிடம்."

"பாருங்க, நான் அமுக்குறேன்! என்னை என்ன பண்ணிடுச்சு?" என்று எல்லாரும் பார்க்கும்படி பொத்தானை அமுக்கினாள் செண்பகவல்லி.

அமுக்கிய பிறகுதான் உறைத்தது. இந்த விமானத்தில் அறிந்த பயணி அவள் ஒருத்திதான். அப்படியானால் மற்ற அத்தனை பேருக்கும் அவளே பொறுப்பு. அடிப்பாவி, இதை எழுதினவளும் நீதானே!

நடைபாதையில் ஒரு கனத்த மனிதர் எட்டிப் பையை இறக்கிக்கொண்டிருந்தார். பேர் தணிகைவேல், பினாங்கில் இரும்புக் கடை வைத்திருப்பவர்.

"ஐயா, உட்கார்ந்து பெல்ட் போடுங்க!"

"ஒண்ணும் கேக்கலைம்மா," என்று காதிலிருந்த பஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"கேக்காமலா பதில் சொல்றீங்க?"

"அதுவும் கேக்கலை!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு இளம் தாயின் மடியில் கைக்குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. தாய்க்கும் பெல்ட் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. அதைப் பார்த்ததும் செண்பகவல்லிக்கு, விதியும் வேண்டாம், வேலையும் வேண்டாம், அந்தப் பிஞ்சுத் தலைக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

கண்ணில் நீர் முட்ட, விமானத்தின் சமையல் மூலைக்கு ஓடினாள். பணிப்பெண் ரெஜினா ஏற்கெனவே பெல்ட் மாட்டியிருந்தாள்.

"ரெஜினா, சூடா என்ன இருக்கு?"

"வடை இருக்கு மேடம். இறங்குறதுக்கு முன்னாடி குடுக்க சூடு ஏத்தி வச்சிருக்கேன்."

"திற! திரையையும் விலக்கு!"

காதில்தானே பஞ்சு? மூக்கில் இல்லையே! மிளகும் கறிவேப்பிலையும் மணக்கும் உளுந்து வடை வாசனை வால்வரை போனது. தலைகள் நிமிர்ந்தன. செண்பகவல்லி தட்டைத் தூக்கிக் காட்டி, "பெல்ட் போட்டவங்களுக்கு மட்டும்தான்!" என்று கத்தினாள். அது மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது. டக் டக்கென்று பெல்ட்டுகள் பூட்டிக்கொண்டன. தணிகைவேல் பையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தார். தாய் பிள்ளைக்கும் சேர்த்து மாட்டினாள். செண்பகவல்லி தட்டோடு காலி இருக்கையில் விழுந்து பூட்டிக்கொண்ட மறுகணம், விமானம் கிணற்றில் விட்ட வாளி மாதிரி இறங்கியது. வடைகள் கூரைக்குப் பறந்தன. மனிதர்கள் ஒருவரும் பறக்கவில்லை. குழந்தை கண்ணை விழித்து, தாய் மடியில் விழுந்த வடையைப் பார்த்துச் சிரித்தது. செண்பகவல்லி வாய்விட்டு அழுதேவிட்டாள்.

நிறுவனம் அவளைச் சட்டத்துறைத் தலைவி ஆக்கியது. குலுங்கலுக்கு முன்னால் எல்லா விமானங்களிலும் வடை மணந்தது, ஒருவருக்கும் அடிபடவில்லை. கடைசியில் வடை பிடிக்காத ஒருவர் பெல்ட் போடாமல் இருந்து, தோளை உடைத்துக்கொண்டு வழக்குப் போட்டார். செண்பகவல்லி நீதிமன்றத்தில் அட்டகாசமாக வாதாடினாள். வடை வாசனை வந்தால் குலுங்கல் வரும் என்று ஊருக்கே தெரியும். ஆகவே முகர்ந்தவர் அறிந்தவரே! நீதிபதி ஒப்புக்கொண்டார். நிறுவனம் ஜெயித்தது.

ஜெயித்த பூரிப்போடு அடுத்த வாரம் பயணியாக விமானம் ஏறினாள். அந்தமானைத் தாண்டியதும் ரெஜினா சூடான தட்டோடு வந்தாள். வரிசை வரிசையாக ஜனங்கள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சுற்றுமுற்றும் பார்த்தாள் செண்பகவல்லி. மூக்கைத் திறந்து வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

"மேடம், வடை?"

செண்பகவல்லி அவசர அவசரமாகப் பெல்ட்டைக் கழற்றினாள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த வடை?" என்றாள்.