பேர் சரி, நாடு தப்பு

“கடல் எந்தப் பக்கம்?”

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிய ஒருவன் சொட்டச் சொட்ட நனைந்துபோய் வந்து, பார்சல் ஆபீஸின் மூன்றாவது மேசை முன் நின்று இப்படிக் கேட்டால், ஒரு பெண் என்னதான் பதில் சொல்வாள்?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்கள்... மழையை அப்படியே கொஞ்சம் உள்ளே வைத்துக்கொண்ட கண்கள். இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கேள்வி அசட்டுக் கேள்விதான். கண்கள் அப்படி இல்லை. இந்த விவரத்தை மனதின் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, “நேராப் போங்க. அறுநூறு கிலோமீட்டர்ல வந்துடும்,” என்றாள்.

“விளையாடாதீங்க மேடம். இது தீவுதானே?”

“காலையில நான் நடந்து வந்தப்போ இல்ல.”

அவன் சட்டைப் பையிலிருந்து ஈரமான டிக்கெட்டை எடுத்து விரித்தான். “பாருங்க. இதே பேர். ஸ்டேஷன் பலகையிலயும் இதே பேர்தான் போட்டிருந்துச்சு.”

“பேர் சரி. நாடு தப்பு.”

நாள் தவறாமல் அவள் சொல்கிற வாக்கியம் அது. இதுவரை அட்டைப்பெட்டிகளிடம்தான் சொல்லியிருக்கிறாள். அந்த ஊரின் பெயரை உலகத்தில் ஏழு ஊர்கள் வைத்துக்கொண்டிருந்தன. மூன்று தீவுகள், நான்கு டவுன்கள். ஏழும் ஏழு நாட்டில். ஊரை மட்டும் எழுதி நாட்டை மறந்த பார்சல்களெல்லாம் எப்படியோ தேடிப்பிடித்து இங்கேதான் வந்து விழும். அவற்றைச் சரியான ஊருக்குத் திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை. ஆபீஸில் அவளுக்குத் ‘தப்பு மேடம்’ என்றே பெயர். அவள் சரியாக வேலை செய்வதால் வந்த பட்டம்.

“சரி... என் பெட்டி? முன்னாடியே அனுப்பிட்டாங்க. பெரிய மரப்பெட்டி...”

அவள் மூலையைக் காட்டினாள். ஆளுயரப் பெட்டி, சனிக்கிழமையே வந்து உட்கார்ந்திருந்தது.

“அது இங்க வரவேண்டியதே இல்ல.”

“நான்?”

“நீங்களும்தான்.”

அந்தத் துளி அப்போதுதான் விழுந்தது.

அவன் கலங்கரை விளக்கங்களுக்கு விளக்கு மாட்டுகிற மெக்கானிக். ஆணி வரைக்கும் மூன்று தடவை சரிபார்த்தானாம். நாட்டைப் பார்க்கத்தான் தோன்றவில்லையாம். மதியத்துக்குள் ஆபீஸ் முழுக்க அவனுக்குக் ‘கடல்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. அந்தக் ‘கடலு’க்கு ஆபீஸுக்கு எதிரே பேக்கரி மாடியில் ஒரு அறையும் கிடைத்தது.

சாயங்காலம், உள்ளே ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தான். வைக்கோலுக்கு நடுவே, விளக்கின் முன்னால் மாட்டுகிற பெரிய கண்ணாடி வில்லை, வட்டத்துக்குள் வட்டமாக. ஜன்னல் வழியே மழை வெளிச்சம் அதில் பட்டதுதான் தாமதம்... சுவரெல்லாம் வானவில். அழுக்குப் பார்சல்கள்மேல்கூட நீலமும் மஞ்சளும் வழிந்தன. அவள் தன்னையறியாமல் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

மறுபக்கத்திலிருந்து அவன் குரல். “மேடம், கொஞ்சம் நகருங்க.”

“ஏன்?”

“இந்தப் பக்கத்துல உங்களுக்குப் பன்னிரண்டு கண்ணு தெரியுது. ரெண்டையே சமாளிக்க முடியல.”

அவள் நகர்ந்துவிட்டாள். கன்னம் மட்டும் சிவந்தபடி அங்கேயே நின்றுவிட்டது போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் துறைமுகம் போகிற வண்டி. அதை ஓட்டுகிறவர் அவளுடைய அப்பா. அவன் பையோடு வந்து நின்றான்.

“பெட்டி இன்னைக்கு ஏறிடும்ல?”

ஏறும். வண்டி பாதி காலி. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

“கண்ணாடிச் சாமானுங்களா...” என்று ஆரம்பித்தது அவள் வாய். “அது வெள்ளிக்கிழமை வண்டியிலதான் போகும். விதி.”

அப்படி ஒரு விதி உலகத்தில் எந்தப் பார்சல் ஆபீஸிலும் கிடையாது. அந்த நொடியில் பிறந்த குழந்தை அது. ‘ஐயோ... நானா சொன்னேன்?’ என்று மனது பதறியது. ஒரு அட்டைப்பெட்டியைக்கூட ஒரு நாள் அதிகமாக வைத்திருக்காதவள்!

“விதின்னா விதிதான்,” என்று அவன் பையைக் கீழே வைத்தான். முகத்தில் பெரிய வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் புதன், வியாழன்... காலையில் பெட்டியைப் பார்க்க வருவான். மதியம் பெட்டியைப் பார்க்க வருவான். பெட்டி அவனை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் வேறு ஆள்.

அவள் மேசைக்குப் பின்னால் ஒரு உலகப்படம், ஏழு குண்டூசிகள்.

“இதுல எது அசல்?” என்று கேட்டான்.

“ஒவ்வொரு ஊர்லயும் நாங்கதான் அசல்னு சொல்லுவாங்க. நாங்களும் சொல்லுவோம். எவனோ கப்பல் ஏறிப் போயிருப்பான். ஊர் ஞாபகம் வந்திருக்கும். போய் இறங்குன தீவுக்கு அதே பேரை வெச்சுட்டான்.”

“பாவம்ல?”

“என்ன பாவம்? அவ்வளவு ஞாபகம் வந்தா, பேர் வைக்கிற நேரத்துல திரும்பி வந்திருக்கலாம்ல? இங்க யாரோ ஒருத்தி பார்த்துக்கிட்டே இருந்திருப்பா.”

சொல்லிவிட்டு அவசரமாக ஒரு பார்சலுக்கு முத்திரை குத்தினாள். அதற்கு ஏற்கெனவே குத்தியாகிவிட்டது.

வியாழன் மதியம் தீவிலிருந்து அவனுக்குப் போன் வந்தது. துறைமுகக்காரர். பேசிவிட்டுத் திரும்பியவன் குரல் இறங்கியிருந்தது.

“பழைய விளக்கு செவ்வாய்க்கிழமை ராத்திரியே அணைஞ்சு போச்சாம். இருட்டுறதுக்குள்ள கரைக்கு வந்துடணும்னு படகெல்லாம் மதியமே திரும்புதாம். பாதி நாள் பிழைப்பு போச்சு.” பெருமூச்சு விட்டான். “நாளைக்கு வரைக்கும் பொறுங்கன்னு சொல்லிட்டேன். விதிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

சொல்லிவிடலாமா... சொன்னால் இந்தக் கண்கள் இப்படிப் பார்க்குமா? சொல்லவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை. அப்பாவும் அவனும் சேர்ந்து பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, உலகத்தில் யாருக்கும் கெடுதல் நினைக்காத குரலில் சொன்னார்:

“இதைச் செவ்வாய்க்கிழமையே போட்டிருக்கலாமே தம்பி? பாதி வண்டி காலியாத்தானே போனேன்.”

“கண்ணாடி வெள்ளிக்கிழமைதானே சார் போகும்?”

“யார் சொன்னா? கண்ணாடி எல்லா நாளும் போகும்.”

அவன் மெதுவாகத் திரும்பினான். அவள் தரையைப் பார்த்தாள். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நன்றாக இருந்த டயரை உதைத்துப் பார்க்க வண்டியின் மறுபக்கம் போய்விட்டார்.

“அங்க மூணு நாளா படகு சீக்கிரம் திரும்புது மேடம்.” சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. “ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சுது, சரின்னு விட்டேன். நீங்களும் வெச்சு விளையாடிட்டீங்க. சீட்டைக் கொடுங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்.”

மறு அனுப்பல் சீட்டு. தப்பாக வந்த ஒவ்வொரு பார்சலுக்கும் அவள் கைப்பட நிரப்புவது. அதில் ஒரு வரி: ‘தாமதத்துக்குக் காரணம்’. அந்த இடத்தில் எல்லோரும் ‘மழை’ என்று எழுதுவார்கள். மழை வந்து மறுக்கப் போவதில்லை. வெளியே நிஜமாகவே மழை வேறு... எழுதினால் முடிந்தது. அவன் போவான், விஷயம் அமுங்கும், மானம் மிஞ்சும்.

பேனாவை எடுத்தாள். எழுதி, சீட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் படித்தான்.

‘தாமதத்துக்குக் காரணம்: பெட்டியை அனுப்பினால் அவரும் போய்விடுவார். செய்தது தப்பு. பொறுப்பு என்னுடையது.’

இன்னும் இரண்டு தடவை படித்தான்.

“இதை ஆபீஸ் ஃபைல்ல போடுவாங்களா?” என்று கேட்டான் கடைசியில்.

“போடுவாங்க.”

“மேனேஜர் படிப்பாரா?”

“வாய்விட்டுப் படிப்பார்.”

“அப்பவும் எழுதிட்டீங்க?”

“சீட்டுல நான் இதுவரைக்கும் பொய் எழுதினதில்ல. வாயாலதான்... அதுவும் ஒரே ஒரு தடவை.” அவள் கண்ணில் இப்போது ஒரு துளி யோசித்துக்கொண்டிருந்தது. “படகுக்காரங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க.”

அவன் அந்தத் துளியையே பார்த்தான். உதட்டோரம் லேசாக அசைந்தது.

“நானும் ஒண்ணு சொல்லணும். செவ்வாய்க்கிழமை அந்த விதியைக் கேட்டதும், அப்பாடான்னு இருந்துச்சு. மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவே இல்ல... ஆணிக்கு மூணு தடவை சரிபார்க்கிறவன்!”

அவள் நிமிர்ந்தாள். துளி விழுந்தே விட்டது.

“போய் மாட்டணும். எட்டு நாள் ஆகும்,” என்றான். “அங்க ஞாபகம் வரும். நிறைய வரும். வந்தா... எதுக்கும் பேர் வெச்சுக்கிட்டு உட்கார மாட்டேன். திரும்பி வந்துருவேன். நீங்க பார்த்துக்கிட்டு இருப்பீங்களா?”

அவள் தலையாட்டினாள்.

வெளியே ஹாரன் அடித்தது. “எழுதி முடிச்சாச்சா? பெட்டி ஒண்ணுதானே ஏத்துனோம்?” என்று அப்பாவின் குரல்.

அவன் சீட்டை இழுத்து அவசர அவசரமாக ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, பூட்ஸ் சத்தம் தடதடக்க ஓடி வண்டியில் ஏறிக்கொண்டான். வண்டி மழைக்குள் மறையும் வரை வாசலில் நின்றுவிட்டு, மெல்ல வந்து சீட்டைப் பார்த்தாள்.

கடைசி வரி: ‘உரியவர் இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி’. யாருமே நிரப்பாத வரி. அதில் ‘உரியவர் இருந்தாலும்’ என்று திருத்தி, கீழே எழுதியிருந்தான்: தப்பு மேடம், மூன்றாவது மேசை, பார்சல் ஆபீஸ்.

ஊர் பெயரும் இருந்தது. இந்தத் தடவை நாட்டின் பெயரையும் மறக்கவில்லை. கொட்டை எழுத்தில், அடியில் இரண்டு கோடு.