சார்ட்டில் இல்லாத ஊசி

"அய்யய்யோ... இவரு கண்ணத் தொறக்க மாட்டேங்கிறாரே!"

காசியம்மாவின் அலறலில் ஆண்கள் அறுவை வார்டே திரும்பிப் பார்த்தது. காலை பத்தேகால் மணி. ரவுண்ட்ஸ் முடித்த டாக்டர் அப்போதுதான் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்திருந்தார்.

சார்ஜ் நர்ஸ் வடிவாம்பாள் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

ஏழாம் பெட்!

காசியம்மாவின் புருஷன் காத்தமுத்து வியர்வையில் குளித்துக் கிடந்தான். கால் மாவுக்கட்டில். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"எழில், சுகர் மெஷின்! நிலவன், டாக்டருக்கு ஃபோன் போடு!"

ஒரு கையில் செல்போன், மறு கையில் மெஷினோடு நர்ஸ் நிலவன் ஓடி வந்தான்.

விரலில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம்.

இருபத்திரண்டு! எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாத சர்க்கரை.

"அக்கா... இவருக்கு சுகர் வியாதியே கிடையாதே!" நிலவனின் குரல் உடைந்தது.

"பேச்சு அப்புறம். டெக்ஸ்ட்ரோஸ் உடை. சீக்கிரம்!"

குளுக்கோஸ் மருந்தை அவளே ஏற்றினாள். ஒன்று... இரண்டு... மூன்று...

நாலாவது ஆம்பூலில் காத்தமுத்து கண் திறந்தான். மேலே குனிந்திருந்த முகத்தைப் பார்த்ததும் மிரண்டான்.

மிரளாமல் என்ன செய்வான்!

எட்டு மாதத்துக்கு முன்னால், வரிச்சிக்குடி ரோட்டில், குடித்துவிட்டு ஓட்டிய மினி லாரியை ஒரு லைன்மேன் மேல் ஏற்றியவன் அவன். செத்துப்போன லைன்மேன் இளையபெருமாள்... வடிவாம்பாளின் புருஷன்!

கேஸ் கோர்ட்டில் நடக்கிறது. ஜாமீனில் வந்தவன், முந்தாநாள் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு இவள் வார்டுக்கே வந்து சேர்ந்தான்.

'வேற வார்டுக்கு மாத்திடட்டுமா சிஸ்டர்?' என்று டாக்டர் தயங்கினார்.

'எதுக்கு டாக்டர்? இங்கதான் பெட் காலியா இருக்கே' என்றாள்.

கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. எட்டு மாதமாக அழுகையும் வரவில்லை. மரத்துப்போக ஊசி போட்ட பல் மாதிரி இருந்தது உள்ளே. தொட்டால் தெரிந்தது. வலிக்கவில்லை.

வடிவாம்பாள் மருந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். காலையில் பொறுப்பு ஏற்றபோது முழுசாக இருந்த இன்சுலின் பாட்டில்...

கால்வாசி காணோம்!

அன்று வார்டில் ஒருத்தருக்கும் இன்சுலின் எழுதியிருக்கவில்லை. சார்ட்டுகளை இரண்டு முறை புரட்டிப் பார்த்தாள். பிறகு போலீசுக்குச் சொல்லுங்கள் என்று மேலிடத்துக்கு அவளே ஃபோன் செய்தாள்.

அரை மணியில் இன்ஸ்பெக்டர் ரிஃபாய் வந்தார். பின்னால் பெண் போலீஸ் அன்னபூரணி.

"இன்னைக்கு டியூட்டியில யார் யாரு சிஸ்டர்?"

"நான், எழில்மதி, நிலவன். மூணு பேரு."

"ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு?"

"இருக்கு. சாவி மேஜை டிராயர்ல. மூணு பேருக்கும் தெரியும்."

"இந்த மூணு பேர்ல இவன் மேல கோவம் யாருக்கு?"

"எனக்குத்தான் இருக்கணும்."

"இருக்கணும்னா?"

"இருந்தா ஃபோன் பண்ணப்பவே சொல்லியிருப்பேன் சார்."

ரிஃபாய் அவளை உற்றுப் பார்த்தார். அதற்குள் காசியம்மா பாய்ந்து வந்தாள்.

"இந்தம்மாதான் சார்! நான் மருந்து வாங்கக் கீழ போனேன். அந்த நேரம் பாத்து, புருசன் செத்த வஞ்சத்தத் தீத்துக்கிட்டாங்க!"

வடிவாம்பாள் மறுக்கவில்லை. காசியம்மாவின் கையில் கசங்கியிருந்த மருந்துச் சீட்டை வாங்கி, எல்லாம் வந்துவிட்டதா என்று சரிபார்க்க நிலவனிடம் கொடுத்தாள்.

"மன்னிச்சிக்குங்க சிஸ்டர்," என்றார் ரிஃபாய். "ஸ்டேஷனுக்கு வாங்க. அங்க பேசிக்கலாம்."

"ரெண்டு நிமிஷம் சார். வார்ட ஒப்படைச்சிட்டு வந்துடறேன்."

எழில்மதி சுவரோரம் நின்றாள். பட்டினச்சேரிப் பெண். நாலு வருஷமாக வடிவாம்பாளின் வலது கை.

"எழில், கேட்டுக்க. ஏழாம் பெட்டுக்கு பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ சுகர் பாக்கணும். மறுபடியும் எறங்கும். டிரிப் நிக்கவே கூடாது. பாப்பியா?"

எழில்மதி ஏழாம் பெட் பக்கம் திரும்பவில்லை.

"பாப்பியா எழில்?"

எழில்மதி தரையைப் பார்த்தாள்.

"நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஓடுறவ நீ. இன்னைக்கு மெஷின் எடுன்னு உன்கிட்டதான் சொன்னேன். நிலவன்தான் எடுத்தான். நீ ஏன் நின்ன?"

"அக்கா..."

"அழாத. எத்தன யூனிட் போட்ட? அத மட்டும் சொல்லு. எவ்வளவு நேரம் டிரிப் ஓட்டணும்னு எனக்குத் தெரியணும்."



"நூ... நூறு யூனிட்டுக்கா. ஒம்பதரைக்கு. கையில இருந்த டிரிப் ஊசி வழியா... அவன் தூங்கிக்கிட்டிருந்தான்..."

ரிஃபாயின் புருவம் நெற்றிக்கு ஏறியது!

"நேத்து அவன் கைக் காயத்துக்கு நீங்களே கட்டு கட்டுனீங்க. உங்க கை நடுங்கவே இல்லக்கா!" எழில்மதி வெடித்தாள். "எட்டு மாசமா ஒரு சொட்டு அழல நீங்க. தெனம் பாக்கறேன்... தாங்கல எனக்கு. உங்களுக்காகத்தான்கா பண்ணேன்! உங்க மேல பழி வரும்னு சத்தியமா நெனக்கல..."

வடிவாம்பாள் சார்ட்டை எடுத்தாள். 'இன்சுலின் நூறு யூனிட், 9.30' என்று எழுதினாள். எழுத்து கோணவில்லை. கீழே கையெழுத்துப் போடப் போனபோதுதான் பேனா ஒரு இடத்தில் நின்றது.  பேனாவை ஒருமுறை உதறினாள். கையெழுத்தை முடித்தாள்.

"நிலவன், டாக்டர்கிட்ட டோஸ் சொல்லு. இவர ஐ.சி.யூவுக்கு மாத்தச் சொல்லி நான் சொன்னேன்னு சொல்லு."

அன்னபூரணி எழில்மதியின் தோளைத் தொட்டாள். இருவரும் வராந்தாவில் நடந்து மறைந்தார்கள். காசியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ரிஃபாய் தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்காகப் பண்ணேன்னு சொல்றா அந்தப் பொண்ணு. நீங்க என்ன சிஸ்டர் சொல்றீங்க?"

வடிவாம்பாள் டியூட்டி நோட்டில், மதிய ஷிஃப்டுக்கு எழுதியிருந்த எழில்மதியின் பெயரை அடித்தாள்.

"எனக்கு ஏதாச்சும் பண்ணணும்னா, என்னோட ஒரு ஞாயித்துக்கிழமை டியூட்டிய அவ பாத்திருக்கலாம் சார்... இப்பப் பாருங்க, மதிய ஷிஃப்டுக்கும் நான்தான்!"