மூன்றாவது சேனலின் முள்

பட்டப்பகல் பதினோரு மணிக்குத்தான் சவுண்டுக்காரர் ஸ்டூடியோவின் பூட்டைத் திறந்தார். மூன்று மாதம் மூடிக் கிடந்ததில் பஞ்சு அடைத்த சுவர்கள் ஈரநாற்றம் அடித்தன. ஜன்னலே இல்லாத அறைக்குப் பகலென்ன, இரவென்ன!

பின்னாலேயே மகள் வந்தாள். பத்து வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அம்மா போனதிலிருந்து அந்தப் பெயருக்கு வேலையில்லை.

"அப்பா, அம்மா எனக்காகப் பேசினதை இன்னிக்காவது போடுங்க."

"வெளிய சோபால உக்காரும்மா. சரிபண்ணிட்டுக் கூப்பிடுறேன்."

எதைச் சரிபண்ணுவது? தொண்டையில் ஆபரேஷன், இனிப் பேச வராது என்றானதும், அதற்கு முந்தைய நாள் மகளுக்காக அவர் மனைவி இங்கே உட்கார்ந்து பேசினாள். லெவல் பார்க்கும்போது, "ஒண்ணு, ரெண்டு... சரியா இருக்கா?" என்று முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்பை நம்பி, மைக் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழை ஏற்றிவிட்டார். சோதனையில் மெதுவாகப் பேசுகிறவர்கள் நிஜத்தில் கத்துவார்கள், கெயினில் இடம் விட்டு வை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர்! அன்று அவள் முகத்தைப் பார்த்தாரே தவிர மீட்டரைப் பார்க்கவில்லை. அவள் வெடித்து அழுதபடி பேசினாள். முள் சிவப்பிலேயே ஒட்டிக்கொண்டது. பதிவானது வெறும் கிழிந்த இரைச்சல். நுழைகிற இடத்திலேயே கிழிந்த குரலை அப்புறம் எவ்வளவு குறைத்தாலும் சரிசெய்ய முடியாது. ஆபரேஷனிலிருந்து அவள் திரும்பவில்லை. பாவி, என் கையாலேயே கெடுத்தேனே என்று அவர் அழாத நாளில்லை.

மிக்சர் மேசையின் சுவிட்சைப் போட்டார். மூன்றாவது சேனலின் முள் துடித்தது.

அதில் மைக்கே செருகவில்லை.

ஹெட்போனை மாட்டினார். எங்கோ தொலைவில்,

"ஒண்ணு... ரெண்டு... சரியா இருக்கா?"

"நீயா? பேசுடி... இந்தத் தடவை ஒழுங்கா எடுத்துடுறேன்."

பதிவை ஓடவிட்டு, கெயினைக் குறைத்தே வைத்தார்.

"கேக்குதா?" குரல் சன்னமானது.

கொஞ்சம் ஏற்றினார்.

"கேக்குதா?" அதைவிடச் சன்னம்.

ஆஸ்பத்திரி மருந்து வாடை அறையில் பரவியது.

இன்னும் ஏற்றினார். குமிழ் கடைசியில் போய் முட்டி நின்றது.

குரலே இல்லை. மூச்சை நெஞ்சுமுட்ட உள்ளே இழுக்கும் சத்தம் மட்டும்.

பேசத் தொடங்குகிறவர்கள்தான் அப்படி இழுப்பார்கள் என்று அவருக்கு உறைப்பதற்குள், அவள் பேசினாள்.

கண் விழித்தபோது தரையில் கிடந்தார். இரண்டு காதிலிருந்தும் ரத்தம் கழுத்துவரை வழிந்திருந்தது. கையைத் தட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை.

நாற்காலியில் வாயாடி. தலையில் ஹெட்போன். மூன்று மாதம் கழித்துச் சிரிக்கிறாள். உதடுகளைப் படித்தார்.

"அம்மாதான்ப்பா! ஆனா ரொம்ப மெதுவா பேசுறாங்க."

கெயினை யாரோ அடிவரை இறக்கி வைத்திருந்தார்கள். பிஞ்சு விரல்கள் குமிழைத் திருகத் தொடங்கின.

"கழட்டும்மா!" என்று கத்தினார். குரல் வெளியே வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. தவழ்ந்துபோய் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினார். ஒயர் கையோடு வந்துவிட்டது.

மகள் கண்களை மூடி, தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். குமிழ் கடைசியில் முட்டியது.

"இப்ப சரியா இருக்கு, அம்மா," என்று அந்த உதடுகள் அசைந்தன. "பேசு."