மூன்று வருட மழை

அந்த நாட்களில் கணினி என்றால் மவுஸ்தான். அதனால்தான் வானிலை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த லினக்ஸ் என்ற இயங்குதளம் எல்லோரையும் மிரட்டியது. கருப்புத் திரை... அதில் கண் சிமிட்டும் ஒரு கோடு. அவ்வளவே! அதைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நாள் பயிற்சிக்கு வந்தவள் அவள்.

முதல் நாளே மோதல். தொப்பலாக நனைந்து, தாமதமாக நுழைந்தவன் கீபோர்டைப் படபடவென்று தட்டினான்.

"மேடம், இது செத்துப்போச்சு. பாஸ்வேர்டு அடிக்கிறேன், ஒரு எழுத்துகூட விழல."

"விழுது சார். வெளிய காட்டாது."

"எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வச்சுக்குமா?"

"ஆமா... சில பேர் மாதிரி."

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். துளி சொட்டும் இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... அவள் சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தினமும் மழையை அளந்து பதிவு செய்வது அவன் வேலை. மழைக்காரர் என்றுதான் அவனைக் கூப்பிட்டார்கள்.

ஆறாம் நாள் வந்தது வினை. அழிக்கும் கட்டளையைச் சொல்லிக்கொடுத்தாள். பயிற்சி ஃபோல்டரில் அடிக்க வேண்டியதை அவன் தன் சொந்த ஃபோல்டரில் அடித்துவிட்டான். மூன்று வருட மழை அளவுகள்... ஒரு நொடியில் மாயம்!

"குப்பைத்தொட்டியில கிடக்குமா மேடம்?"

"இதுல குப்பைத்தொட்டியே கிடையாது! கண்ணைத் திறந்து பாத்து அடிக்க மாட்டீங்களா?"

அவன் முகம் செத்துவிட்டது. எழுந்து போனான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

காலி நாற்காலி அவளைக் குடைந்தது. 'அழிச்சா திரும்ப வராதுன்னு நான் முன்னாடியே சொன்னேனா...?' சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம், ரோஷத்தை விழுங்கிக்கொண்டு அவன் அறைக்கே போனாள். மழை அளவுகளைக் கையால் எழுதிவைத்த பழைய நோட்டைப் பார்த்து ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருந்தான்.

"தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

"எல்லார் முன்னாடியும் திட்டினீங்க..."

"அதான், என் தப்புன்னு இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்தேன்."

அவன் நிமிர்ந்தான். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவன் வாசித்தான், அவள் அடித்தாள். "பன்னிரண்டாம் தேதி... நாலு மில்லிமீட்டர்..." ஜன்னலுக்கு வெளியே நிஜ மழை. இப்படியே ஐந்து மதியங்கள். கடைசிப் பக்கமும் முடிந்தது.

"பயிற்சி முடிஞ்சு மூணு நாளாச்சாமே..." என்றான் தயங்கி.

"ஆமா. லீவு போட்டிருக்கேன்."

"இந்த நோட்டுக்காகவா?"

"நோட்டுக்கு யாராவது லீவு போடுவாங்களா?" அவள் காது மடல் சிவந்தது.

அவன் நோட்டை மூடி வைத்தான்.

"நான் வேணும்னேதான் மெதுவா வாசிச்சேன்..." என்றான். "முடிஞ்சா நீங்க போயிடுவீங்களேன்னு."

"தெரியும். நான் மட்டும் என்ன... நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிறவ."

"அப்போ... போகாதீங்க. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"சொல்றதுக்கு இவ்வளவு நாளா?" என்றாள், கண் கலங்கச் சிரித்தபடி.

இருபது வருடம் ஓடிவிட்டது. முதலில் சொன்னது யார், லீவு போட்டவளா, பிடிச்சிருக்கு என்றவனா என்ற வழக்கு மட்டும் அந்த வீட்டில் இன்னும் தீரவில்லை.