‘லாகாது’ எங்கே போனது?

துப்பறிவாளர் வீட்டுக் காலிங் பெல்லை ஒரு பெண் விடாமல் அழுத்தினார். உள்ளே வந்ததும் உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

“மருந்தைப் பத்தித் தகவல் எழுதுறது என் வேலை சார். ஒரு இருமல் சிரப்பைக் கைக்குழந்தைக்குக் ‘கொடுக்கலாம்’னு நான் சொன்னதா எங்க கம்ப்யூட்டர் தொகுப்புல நிக்குது. அதை நம்பிக் கொடுத்து, ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில மூச்சுத் திணறிக் கிடக்கு. மதியம் விசாரணை. நான் அப்படி எழுதவே இல்ல.”

துப்பறிவாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நிதானம்தான் பக்கத்தில் நின்ற மச்சானுக்கு, அவருடைய மனைவியின் தம்பிக்கு, எரிச்சல்.

“கூடாதுங்கறதை எப்படி எழுதுவீங்க?”

“கொடுக்கலாகாதுன்னு. ஆபீஸ்ல என்னைச் செந்தமிழ்னே கேலியாக் கூப்பிடுவாங்க.”

மூவரும் உடனே கிளம்பினார்கள். அலுவலகத்தில் போன்கள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. மருந்து, நோய், வயது எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்த தொகுப்பு அது. பல ஆஸ்பத்திரிகள் அதிலிருந்துதான் தகவல் எடுத்தன. ஒவ்வொரு குறிப்பின் கீழும் ‘சொன்னவர்’ என்று ஒரு பெயர் இருக்கும். சிரப்பின் கீழே செந்தமிழின் பெயர் இருந்தது.

“இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்றார் துறைத் தலைவர்.

“நான் பார்த்துட்டேன் சார். யாரும் கைவைக்கலை,” என்றார் அந்தத் தொகுப்புக்கு நிரல் எழுதும் புரோகிராமர்.

மச்சான் காதருகே குனிந்தான். “அத்தான், இந்த ஆள் முழியே சரியில்ல.”

“நாளெல்லாம் திரையைப் பார்த்தா உன் முழியும் அப்படித்தான் இருக்கும். சும்மா இரு.” அவர் புரோகிராமரிடம் திரும்பினார். “தொகுப்பு முழுக்க ‘லாகாது’ன்னு தேடுங்க.”

ஒன்றுகூட வரவில்லை.

செந்தமிழ் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். “எத்தனை மருந்துக்கு எழுதியிருக்கேன். ஒண்ணுகூடவா இல்ல?”

“உங்க மேல பழி போடறவன் ஒரு வார்த்தையை மாத்தியிருப்பான். தேடித் தேடி உங்க பழக்கத்தையே துடைச்சிருக்க மாட்டான். இது மனுஷன் கை இல்ல,” என்றார் துப்பறிவாளர். “தம்பி, ‘யாரும்’ கைவைக்கலைன்னீங்க. ‘எதுவும்’னு சொல்லலியே. என்ன நிரல் ஓட்டினீங்க?”

புரோகிராமர் தலைவரைப் பார்த்தார். தலைவர் சுவரைப் பார்த்தார்.

“பழைய தமிழை எளிமையாக்கச் சொன்னார் சார். ‘கொடுக்கலாகும்’னு இருந்தா ‘கொடுக்கலாம்’னு மாத்தணும். அதனால ‘லா’வுக்கு அப்புறம் ‘க’ வரிசையில எந்த எழுத்து வந்தாலும் வாலை வெட்டிட்டு ‘லாம்’ போடச் சொல்லி எழுதினேன். ‘லாகாது’ன்னு ஒண்ணு இருக்கறது தோணவே இல்ல.”

“சொன்னவர் பேரு?”

“பழைய குறிப்புல இருந்ததை அப்படியே நகலெடுத்தேன். மாத்தினது எதுன்னு எழுத இடமே வைக்கலை.”

“சின்னப் பிழைதானே,” என்றார் தலைவர்.

“வார்த்தையை நீங்க மாத்திட்டு அவங்க வாயில வெச்சிருக்கீங்க. அது சின்னதில்ல.”

“விசாரணை கிடக்கட்டும்,” செந்தமிழ் குறுக்கிட்டார். “மத்த மருந்தெல்லாம் இப்பவும் ‘லாம்’னு நிக்குதே. முதல்ல இதை மூடுங்க.”

தொகுப்பை மூடினார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக போன் போட்டார்கள். மச்சானும் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு கத்தினான். பழைய நகலிலிருந்து குறிப்புகள் திரும்பின. ஒவ்வொன்றின் கீழும் நடந்ததைச் சொல்லும் வரிகள் சேர்ந்தன: ‘இடையில் மாற்றியது: எளிமையாக்கும் நிரல். ஓட்டியவர்: புரோகிராமர். ஓட்டச் சொன்னவர்: துறைத் தலைவர்.’ கடைசி வரி வேண்டாம் என்று தலைவர் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

பிறகு ஒரு போன் வந்தது. குழந்தை தானாக மூச்சு விடுகிறதாம். செந்தமிழ் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து அழுதார்.

அழுது முடித்ததும் சிரப்பின் குறிப்பைத் திறந்தார். ‘கொடுக்கலாகாது’ என்பதை அழித்துவிட்டு, ‘கொடுக்கக் கூடாது’ என்று தட்டினார்.

“மாத்தினவர்னு இப்ப ஒரு இடம் இருக்கில்ல? அதுல என் பேரைப் போடுங்க.”

“சொன்னவரும் நீங்கதானேம்மா,” என்றான் மச்சான்.

“ஆமா. ரெண்டுலயும் போடுங்க.”