ஆறு டிக், ஐந்து கப்

வியாழக்கிழமை, காலை 6.40.

குற்றாலம் காவல் நிலையத்துக்கு வந்த தொலைபேசிச் செய்தியை ஏட்டு முகம்மது யூசுப் வயர்லெஸ்ஸில் அப்படியே ஒப்பித்தார்.

"ஐந்தருவி ரோட்டுல லாட்ஜ் வச்சிருக்கற உமாசங்கர் வீடும்மா. ஜமீனுக்கு யாரோ விஷம் வச்சுட்டாங்களாம். ரத்தமாக் கக்கி விழுந்து கெடக்காராம்."

சப்-இன்ஸ்பெக்டர் லோகநாயகி அப்போது பேரருவியில் நின்றாள். சீசன் கூட்டம். வரிசையில் முந்தியது யார் என்று எண்ணெய் வழியும் இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு காவலரிடம் தள்ளிவிட்டு ஜீப்பில் ஏறினாள். துண்டும் ஈரமுமாக ரோட்டை அடைத்து நடந்த ஜனங்களுக்கு நடுவே ஹார்ன் அடித்தபடியே வந்து, 6.58க்கு வீட்டு வாசலில் குதித்தாள்.

"ஜமீன் எங்க?"

"கார்ல ஏத்தித் தென்காசிக்கு அனுப்பிட்டேன். என் வீட்டம்மா கூடப் போயிருக்கா" என்றார் உமாசங்கர். அறுபதை நெருங்கும் பெரிய உருவம்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"சுஜிதா டாக்டர்ட்டதான். இந்த ஏரியாவுல நல்ல நாய் டாக்டர் அவங்கதான?"

லோகநாயகி மெல்லத் திரும்பி யூசுப்பைப் பார்த்தாள். நிலையத்திலிருந்து பைக்கில் வந்து சேர்ந்திருந்த யூசுப், தென்னை மரத்தில் எத்தனை குலை இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தார்.

"நாய்க்கு ஜமீன்னு பேரு வச்சிருக்கோம்மா" என்றார் உமாசங்கர். "வெள்ளை ராஜபாளையம். ஒம்பது வருசமா எங்க வீட்டுப் பிள்ளை. விஷம் வச்சவனையும் பிடிச்சு வச்சிருக்கேன். கூட்டிட்டுப் போங்க."

பிடித்து வைத்திருந்த ஆள் லாட்ஜின் காவலாளி நயினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சாரலில் நனைந்தபடி கேட்டருகே நின்றார். இடது கன்னம் வீங்கியிருந்தது. காலடியில் அவருடைய தகரப்பெட்டி திறந்து கிடக்க, உள்ளிருந்த வேட்டி சட்டைகள் நனைந்துகொண்டிருந்தன.

"இந்தப் பெட்டியைக் குடைஞ்சது யாரு?"

"நான்தான் மேடம்" என்றான் உமாசங்கரின் தம்பி விஜயசங்கர். நாற்பத்தைந்து வயது, லாட்ஜை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். எலி மருந்து டியூப் ஒன்றை நீட்டினான். "இது உள்ள இருந்துச்சு. செவ்வாக்கிழமை நாய் இவன் செருப்பைக் கடிச்சிட்டு. 'ஒருநா இல்ல ஒருநா உன்னைய முடிச்சிருதேன்'னு இவன் கத்துனதை லாட்ஜே கேட்டுச்சு."

லோகநாயகி டியூபின் மூடியைத் திருகினாள். வாயை மூடியிருந்த தகடு கிழியாமல் முழுசாக இருந்தது.

"எலி மருந்து உம்மோடதா?" என்று நயினாரைக் கேட்டாள்.

"ஆமாம்மா. ஸ்டோர் ரூமுக்கு. அங்கன எலி."

"நாயை முடிச்சிருவேன்னு சொன்னீரா?"

"சொன்னேம்மா. புதுச் செருப்பு."

"சரி, நில்லும்."

அருவியில் சண்டை என்ன ஆயிற்றோ தெரியவில்லை. இருந்தாலும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். அந்தப் பத்து நிமிடம் இரண்டரை மணி நேரமானது.

7.15. வீட்டின் பின்பக்க வராந்தா. காலை 6.10க்கு நாய் இங்கேதான் விழுந்து கிடந்தது. முதலில் பார்த்துக் கூப்பாடு போட்டது நயினார்தான் என்பதை உமாசங்கர் வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

வாந்தியை யாரும் கழுவவில்லை. வெளிறிய முக்கோணத் துண்டுகள் கொஞ்சம், சிவந்த உருண்டைகள் நிறைய. சாரல் பட்ட ஓரத்தில் அந்தச் சிவப்பு கரைந்து ரோஸ் நிறமாகப் பரவியிருந்தது.

"பாருங்க, அவ்வளவும் ரத்தம்" என்றார் உமாசங்கர்.

லோகநாயகி குனிந்து பார்த்தாள். ஒரு மணி நேரமாகியும் அது கறுக்கவே இல்லை.

7.25. தென்காசியிலிருந்து டாக்டர் சுஜிதா போனில் வந்தாள்.

"உயிர் இருக்கு மேடம். டிரிப்ஸ் ஏத்துதேன். உடம்புல தண்ணியே இல்ல. ரெண்டு மூணு நாளா பேதி ஆயிருக்கணும், அங்க யாருமே கவனிக்கலியா?"

"சாரல்ல எல்லாம் கழுவிட்டுப் போயிருக்கும். விஷமா டாக்டர்?"

"சொல்ல முடியாது. லேப் ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும். ஜமீனுக்குக் கிட்னி கோளாறு. ஞாயித்துக்கிழமைதான் பார்த்து, கிட்னிக்குன்னே இருக்கற டிரை ஃபுட் எழுதிக் கொடுத்தேன். ஒரேயடியா மாத்தாதீங்க, வயிறு தாங்காதுன்னு சார்ட்டும் போட்டுக் கொடுத்தேன்."

"ஒருவேளை ஒரேயடியா மாத்தியிருந்தா?"

"இந்த மாதிரிதான் ஆகும். வயசான நாய், கிட்னி வேற. ஆனா கால் பங்கு புதுசுக்கு இப்படி ஆகாது."

7.40. சார்ட் சமையலறை ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. முதல் மூன்று நாள், ஒவ்வொரு வேளைக்கும் மூன்று கப் பழசு, ஒரு கப் புதுசு. அதற்கப்புறம் பாதிக்குப் பாதி. திங்கள், செவ்வாய், புதன், காலையும் மாலையுமாக ஆறு கட்டங்கள். ஆறிலும் டிக்.

"காலை சாப்பாடு தம்பி வைப்பான். சாயங்காலம் தங்கபுஷ்பம்" என்றார் உமாசங்கர்.

"பழைய தீனி எவ்வளவு இருந்துச்சு?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே பார்த்தேன். டிரம்மு அடியில நாலு விரக்கடை, நாலு விரல் உயரம். மாத்தி முடிக்கிற வரைக்கும் அது காணும்னு டாக்டரும் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகல. சீசன்ல எனக்கு எங்க நேரம்?"

அடுத்து விஜயசங்கர். "பழைய தீனி எவ்வளவு இருந்துச்சு?"

"கெடந்துச்சு மேடம், அரை டிரம்."

"என்னைக்கு?"

"எப்பவும்தான். அதை எதுக்குக் கேக்குதீங்க? வெளிய ஒரு கொலைகாரன் நிக்கான், நீங்க நாய்ச் சோத்தை அளந்துக்கிட்டு இருக்கீங்க."

"நாய் இன்னும் சாகல. பொறுங்க."

சமையல்காரி தங்கபுஷ்பம் இட்லிச் சட்டியை இறக்கியபடியே பதில் சொன்னாள். லோகநாயகியின் கண் அவள் விரல்களுக்குப் போயிற்று. நுனியெல்லாம் சிவப்பு.

"மருதாணியா?"

"மருதாணி வைக்க எனக்கு நேரம் ஏதும்மா? மூணு நாளா இப்படித்தான் இருக்கு. புதுசா வாங்கிப் போட்ட சோப்பா இருக்கும்."

"நாய்க்குச் சார்ட்படிதான் வச்சீங்களா?"

"மூணு கப் அது, ஒரு கப் இது. அந்தப் பிள்ளைக்குன்னா நான் அளவு பிசக மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை எனக்குச் சர்ச்சு. வேலைக்கு வரமாட்டேன். சின்னவருதான் ரெண்டு வேளையும் பாத்துக்கிடுவாரு."

8.10. லாட்ஜ் சமையல்கட்டிலிருந்து எலெக்ட்ரானிக் தராசு வந்தது. வெளிறிய முக்கோணத் துண்டுகளாக இருந்த புதுத் தீனி மூன்று கிலோப் பை. அளவுக் கப்பில் ஒரு கப் ஐம்பது கிராம். யாராவது சோம்பல் பட்டு முழுக்கப் புதுசையே வைத்திருந்தால் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கும். அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து, பையைக் காலி செய்து தீனியை மட்டும் நிறுத்தாள்.

இரண்டு கிலோ எழுநூற்று ஐம்பது.

"கணக்கு சரியாத்தான இருக்கு?" என்றார் யூசுப்.

"ஆறு கப்புன்னா முந்நூறு குறையணும். எரநூத்தம்பதுதான் குறைஞ்சிருக்கு. அஞ்சு கப்புதான் எடுத்திருக்காங்க."

"கூட எடுத்தாத் தப்பு. கொறைச்சு எடுத்தா என்னம்மா தப்பு?"

லோகநாயகி எரிச்சலோடு தீனியைப் பைக்குள் திரும்பக் கொட்டினாள். விஷமில்லை. புதுத் தீனியும் இல்லை. அந்த வாந்தியில் இன்னொன்றும் இருந்ததே என்று அப்போதுதான் உறைத்தது.

பின் வராந்தாவுக்குப் போய், பழைய தீனி இருந்த எவர்சில்வர் டிரம்மைத் திறந்து கையை விட்டாள். மணிக்கட்டு வரை போனது, முழங்கை வரை போனது. அடி தட்டவில்லை. கையை வெளியே எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"யூசுப் அண்ணாச்சி, ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி கொண்டாங்க. அப்படியே பின்பக்கத்து வாழை மூட்டுல, அடிமரத்துப் பக்கம், எறும்பு எங்க மொய்க்குன்னு பாருங்க."

9.20. வராந்தாவில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நயினாரையும் உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். உமாசங்கரின் முகம் சுருங்கியது.

"காலையிலேர்ந்து எல்லாரும் புதுத் தீனியவே பேசிக்கிட்டு இருக்கோம்" என்றாள் லோகநாயகி. "டாக்டரும் அதைத்தான் சொன்னாங்க, நானும் அதைத்தான் நிறுத்தேன். பழசை யாருமே பார்க்கல. அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை டிரம்முல நாலு விரக்கடைதான் இருந்துச்சுன்னு சொன்னீங்க. மூணு நாள் நாய் சாப்பிட்டிருக்கு. இப்ப எவ்வளவு இருக்கணும்?"

"ரெண்டு விரக்கடை."

"எட்டிப் பாருங்க."

உமாசங்கர் பார்த்தார். அரை டிரம்.

"திங்கத் திங்கக் கூடுற தீனியை நான் பார்த்ததில்ல." டிரம்மிலிருந்து இரண்டு உருண்டைகளை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். ஒரு நிமிடத்தில் டம்ளர் முழுக்க நன்னாரி சர்பத் போலச் சிவந்தது. "இதுதான் நீங்க பார்த்த ரத்தம். தங்கபுஷ்பம் அக்கா கையில இருக்கறதும் இந்தச் சாயந்தான்."

யூசுப் ஒரு வாழை இலையை நீட்டினார். அதில் ஊறிப் பெருத்து எறும்பு மொய்த்த செம்பழுப்புத் துண்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் வளையம் போல ஓட்டை.

"ஜமீன் ஒம்பது வருசமாத் தின்ன தீனி இதான? வாழை மூட்டுல கெடந்துச்சு. நாலு நாள் சாரல்ல நனைஞ்சும் சாயம் போகல. டிரம்முல இருக்கறது வேற சரக்கு. சாயம் போட்டது, ஓட்டை இல்லாதது. நாய்க்கு ஒரு புதுத் தீனி மாறல அண்ணாச்சி, ஒரே நாள்ல ரெண்டு மாறியிருக்கு. கால் பங்கு டாக்டர் எழுதுனது. முக்கால் பங்கு இந்தக் கண்ராவி. அதுவும் கிட்னி கெட்ட நாய்க்கு."

"தங்கபுஷ்பம்!" என்று பாய்ந்தார் உமாசங்கர். "டிரம்மு நெறைஞ்சிருக்கறது உன் கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுச்சே. சின்னவரு வேற சரக்கு வாங்கிப் போட்டிருக்காருன்னு நெனச்சேன். யாரு என்கிட்ட கேட்டா?"

"அக்கா மாத்தல" என்றாள் லோகநாயகி. "மாத்தியிருந்தா கை செவந்ததுக்குச் சோப்பைக் குறை சொல்லியிருக்க மாட்டாங்க, கையை மறைச்சிருப்பாங்க. சார்ட்டுல ஆறு டிக் இருக்கு. பையில போனது அஞ்சு கப்புதான். ஒரு வேளை நாய்க்குக் கலந்து வைக்காமலே டிக் போட்டிருக்காங்க. எந்த வேளை? டிரம்முல வைக்கறதுக்கு எதுவுமே இல்லாத வேளை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பழசு இருந்திருக்கு. கை செவக்க ஆரம்பிச்ச திங்கக்கிழமை சாயங்காலம் அக்கா திறக்கும்போது அரை டிரம் சாயச் சரக்கு. நடுவுல இருக்கறது திங்கக்கிழமை காலை. அது யாரு முறை?"

தங்கபுஷ்பம் விஜயசங்கரைப் பார்த்தாள்.

"நாலு விரக்கடை இருந்த டிரம்மை அரை டிரம்னு சொன்னது இந்த வீட்டுல ஒரே ஒரு ஆள்தான். ஏன்னா, அரை டிரம்மா ஆக்குனதே அவருதான். விஜயசங்கர், நீங்களே சொல்லுதீங்களா, இல்ல தென்காசியில எந்தக் கடைன்னு நான் விசாரிக்கவா?"

விஜயசங்கர் தூணில் சாய்ந்தான்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி தீனி வைக்கும்போது ரிசப்ஷன்லேர்ந்து போன் வந்துச்சு. ரெண்டு பார்ட்டிக்கு ஒரே ரூமைக் கொடுத்துட்டாங்கன்னு சண்டை. மூடியைப் போடாம ஓடிட்டேன். காலையில பார்த்தா சாரல் அடிச்சு மொத்தமும் ஊறிக் கெடக்கு, வாழை மூட்டுல கொட்டிட்டேன். அதே தீனி திருநெல்வேலியிலதான் கிடைக்கும். தென்காசியில ஒரு கடையில லூஸ்ல இது இருந்துச்சு, நிறம் பார்க்க ஒண்ணுபோல தெரிஞ்சுச்சு. அஞ்சு கிலோவாத்தான் தருவேன்னான். திங்கக்கிழமை காலையில மட்டும் பன்னு கொடுத்தேன்."

"அண்ணன்ட்ட சொல்ல வேண்டியதுதான?"

"இவருட்டயா? ஒரு பல்பு ஃபியூஸ் போனாலே கஸ்டமருக்கு முன்னால வச்சு 'ஏலே, நீ மனுசனா'ன்னு கேப்பாரு. நாய்ச் சோத்தைக் கெடுத்துட்டேன்னு சொன்னா என்ன கேப்பாரு?" லோகநாயகி பக்கம் திரும்பினான். "நாய் சாகட்டும்னு நான் நெனைக்கல மேடம். விழுந்து கெடந்ததைப் பார்த்ததும் பயந்துட்டேன்."

"பயந்துபோய் நயினார் பெட்டியைத் திறந்தீங்க."

அவன் தலையாட்டினான்.

கத்துவதற்கு ஆள் கிடைத்தும் உமாசங்கர் முதல்முறையாகக் கத்தவில்லை. டிரம்மின் மூடியை எடுத்துப் போட்டு மூடினார்.

"சரிம்மா. குடும்பத்துக்குள்ள ஆயிப்போச்சு. கம்ப்ளெயிண்ட்டை நான் திரும்ப வாங்கிக்கிடுதேன். நயினாரே, பெட்டியை எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போரும். இன்னைக்கு லீவு."

லோகநாயகி தொப்பியை எடுத்தாள். அவள் போனில் பேரருவியிலிருந்து பதினோரு மிஸ்டு கால். சுஜிதாவின் குறுஞ்செய்தி ஒன்று: ஜமீன் எழுந்து நின்றுவிட்டது, வயிறு தேறியதும் தீனி மாற்றுவதை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதை உமாசங்கரிடம் காட்டிவிட்டு ஜீப்பை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள்.

"அம்மா" என்றார் நயினார்.

"என்ன?"

"என் கம்ப்ளெயிண்ட்டையும் எழுதிக்கிடுங்க." வீங்கிய கன்னத்தை அவர் தொடவில்லை, உமாசங்கரை நேராகப் பார்த்தபடி சொன்னார். "கை நீட்டுனாரு. எட்டு வருசம் இங்கன கெடந்திருக்கேன். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்காம, நாலு பேரு பார்க்க வச்சு அடிச்சாரு."

"ஏய் நயினாரே, நமக்குள்ள என்ன..." என்று ஆரம்பித்த உமாசங்கர், லோகநாயகி திரும்பியதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அருவியில் கூட்டம். நிலையத்தில் ஆளில்லை. பசி வேறு. லோகநாயகி பெருமூச்சோடு நாற்காலியை இழுத்து நயினாருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். யூசுப்பிடமிருந்து பேனாவையும் தாளையும் வாங்கினாள். பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

விடிந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் நயினாரிடம் கேட்காத கேள்வி அது. தானும் கேட்டிருக்கவில்லை என்பது லோகநாயகிக்கு நினைவு வந்தது. கடிகாரத்தைப் பார்க்காமல், அவர் தொடங்கும் வரை காத்திருந்தாள்.