பீரோவில் பூட்டிய மாத்திரைப் பெட்டி

ஏழு மாதக் கர்ப்பிணி நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அழுதுவிட்டாள். கையிலிருந்த மாத்திரைப் பெட்டியைத் துப்பறிவாளரின் மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு மாசமா ரத்தம் ஏறவே மாட்டேங்குது சார். இப்படியே போனா பிரசவம் ஆபத்துங்கறாங்க. என் ஓரகத்திதான் இரும்புச்சத்து மாத்திரையை மாத்தி வைக்கிறா. அவளுக்குக் குழந்தை இல்ல. என்னைப் பார்த்து வயித்தெரிச்சல்!"

துப்பறிவாளர் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு குழியிலும் ஒரு சிவப்பு மாத்திரை, ஒரு வெள்ளை மாத்திரை. மூடியில் யாரோ பேனாவால் சூரியனையும் நிலாவையும் வரைந்திருந்தார்கள். வேறு யாரோ அவற்றை ஆத்திரத்தோடு அடித்திருந்தார்கள்.

"வரைஞ்சது?"

"அவதான். நாலாம் மாசமும் அஞ்சாம் மாசமும் அவதான் எடுத்துக் கொடுத்தா. எங்க வீட்டுக்காரர் வாய்க்கு வாய் 'அண்ணி மாதிரி வருமா'ன்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பிடுங்கி என் பீரோவுல பூட்டிட்டேன்."

"கள்ளச்சாவி சார்!" என்று துள்ளினார் உதவியாளர். அலுவலகத்தில் அவருக்கு அவசரக்குடுக்கை என்றுதான் பெயர்.

சோதனைக்கூடத்தின் பதில் மூன்றாம் நாள் வந்தது. மாத்திரைகள் அசல். அவசரக்குடுக்கையின் முகம் தொங்கிப்போனது.

அன்றே இருவரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். ஓரகத்திகள் சாப்பாட்டு மேசையின் இரு முனைகளில் உட்கார்ந்தார்கள்.

"மாத்திரையை இப்ப எப்படிச் சாப்பிடறீங்க?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"காலையில ரெண்டையும் சேர்த்துப் பாலோட ஒரே மடக்கு. பாலைக்கூட நானேதான் காய்ச்சறேன்" என்றாள் சின்னவள், பெரியவளை முறைத்தபடி.

துப்பறிவாளர் பெட்டியின் மூடியைக் காட்டினார். "வெள்ளை மாத்திரை கால்சியம். பால்லயும் கால்சியம். கூடச் சேர்ந்தா அது இரும்பை ரத்தத்துல சரியா ஏற விடாது. அதனாலதான் சூரியன், நிலா. காலையில எலுமிச்சை ஜூஸோட இரும்பு, அது நல்லா ஏற உதவும். ராத்திரிச் சாப்பாட்டோட கால்சியம். இவங்க கொடுத்த ரெண்டு மாசமும் ரத்தம் ஏறியிருக்குன்னு உங்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டே சொல்லுது. பெட்டி உங்க பீரோவுக்குப் போனதுலேர்ந்து நின்னுபோச்சு. இரும்பைத் தடுத்தது யாருன்னு நான் சொல்லணுமா?"

சின்னவள் பெரியவள் பக்கம் திரும்பினாள். "ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"டாக்டர் உங்கிட்டதான் சொன்னாங்க. நீ கேட்டாத்தானே? என்னையே முறைச்சுக்கிட்டு இருந்த." பெரியவளின் குரல் உடைந்தது. "உன் வயித்தைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு எரிஞ்சது நிஜம். ஒரு வேளை தவறினாலும் வேணும்னே செஞ்சேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடும். அந்தப் பயத்துலதான் மணி பார்த்து மணி பார்த்துக் கொடுத்தேன்."

சின்னவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் தள்ளினாள்.

"நாளைக்கு மாத்திரையோட பால் கேட்டா உதைதான்" என்று பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள்.